கொஸ்டின் பேப்பர் வைத்த விருந்து

செங்கல்பட்டு ஜில்லாவில் 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டு வார்த்தைகளையும் தொடாமல் மூன்று வருஷம் உத்தியோகம் பார்த்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்கும் நல்லதாக ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கேளம்பாக்கம் உப்பளத்து ஆபீஸில் முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'கொஸ்டின் பேப்பர்'. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "எந்தப் பாடம்?" என்று கேட்பார்.

நான் சொல்வது ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் குடும்பம். அந்த ஆபீஸில் கடிதங்களுக்கு நம்பர் போட்டு அனுப்புகிற வேலையில் சேர்ந்திருந்தேன். ஆபீஸிலேயே நான்தான் வயதில் சின்னவன்.

கொஸ்டின் பேப்பருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். ஒல்லியாக, உயரமாக, தலையில் சின்ன வட்டத் தொப்பியோடு இருப்பார். கொச்சியில் பிறந்த யூதர். இங்கிலீஷ் கடிதம் எழுத ஆள் வேண்டுமென்று முதலாளி எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். யூதர் என்றால் யார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஹெட் கிளார்க் நாயுடு ஒரு வாரம் யோசித்து, மலையாள தேசத்தில் அது ஒரு கிளைச் சாதி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கோவளத்திலிருந்து சைக்கிளில் வரும் பியூன் காதர் பாய்தான், அவர்கள் மூசா நபியின் ஆட்கள், மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்று எங்களைக் கண்டித்தார்.

மரியாதைக்கெல்லாம் குறைவில்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அவரிடம் மணி கேட்டதுதான் நான் செய்த முதல் தப்பு. பஸ்ஸுக்காகக் கேட்கிறாயா, பசிக்காகக் கேட்கிறாயா என்றார். பஸ்ஸுக்கு என்றேன். பஸ் மணிப்படி வருகிறதா, அது வரும்போது நாம் மணி பார்க்கிறோமா என்றார். நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே செங்கல்பட்டு பஸ் வந்து, நின்று, போய்விட்டது. ஊருக்குப் போகவேண்டியவன் அன்று ஆபீஸ் பெஞ்சில் படுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மகாபலிபுரம் போனோம். அங்கே ஒரு கைடு, பெரிய பாறைச் சிற்பத்தைக் காட்டி, இது அர்ச்சுனன் தபசு என்று ஒரு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பகீரதன் என்றும் சிலர் சொல்கிறார்களே, உங்களுக்கு அர்ச்சுனன் என்று எப்படித் தெரியும் என்று இவர் கேட்டார். கைடு சமாளித்தார். பக்கத்தில் ஒரு பூனையும் கையைத் தூக்கிக்கொண்டு தபசு பண்ணுகிறதே, அதற்கு என்ன வரம் வேண்டுமாம் என்றார். கைடு அதையும் சமாளித்தார். சிற்பி இதை முடிக்காமலே போயிருக்கிறானே, முடிக்காததா, முடிக்க வேண்டாம் என்று விட்டதா என்று கேட்டதும் கூட்டம் மொத்தமும் இவர் பக்கம் வந்துவிட்டது. அடுத்த மாதம் போனபோது அந்த கைடு சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கடையைத் துணி போட்டு மூடினார்.

திரும்பி வரும்போது நான் பொறுக்கமுடியாமல், உங்களுக்கு இந்த வியாதி எப்போதிலிருந்து என்று கேட்டேன். வியாதி என்று யார் சொன்னது என்றார். பிறகு அவருக்கே என்மேல் இரக்கம் வந்து கொஞ்சம் விளக்கினார். அவர்கள் மதத்தில் வேதம் படிப்பதென்றால் தனியாக உட்கார்ந்து படிக்கக் கூடாதாம். எதிரில் ஒரு ஆள் வேண்டும். நடுவில் ஒரு புத்தகம். இவன் ஒன்று சொன்னால் அவன் மறுக்க வேண்டும். தலையை ஆட்டி ஒப்புக்கொண்டால் கூட்டாளிக்குத் துரோகம் செய்த மாதிரி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பெரியவர்கள் அப்படிப் போட்ட சண்டைகளை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். தீராத கேள்விகளையும், இது இருக்கட்டும் என்று சொல்லி, அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெரிய சட்டப் புத்தகம் ஆரம்பிப்பதே ஒரு கேள்வியில்தானாம். அதுவும் இரண்டாம் பக்கத்தில். முதல் பக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது. முதல் பக்கம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அவர் முகம் பூரித்துப் போயிற்று. "பாத்தீங்களா, புத்தகத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கேக்க வச்சுட்டாங்க" என்றார்.

எங்கள் வீட்டு வழக்கம் இதற்கு நேர் எதிர். சாமி காரியத்தில் ஏன் என்று கேட்டால் வாயிலேயே போடுவார் அப்பா. அரளி இத்தனை, துளசி இத்தனை, நாரை இப்படித்தான் சுற்ற வேண்டும். எதற்கு என்று ஒரு தடவை கேட்டு, உதடு வீங்கி, இரண்டு நாள் கஞ்சி குடித்தவன் நான். அதற்குப் பிறகு எந்தச் சடங்கைப் பார்த்தாலும் எனக்கு வாய் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

ஆபீஸுக்கு வருகிறேன். எங்கள் கிடங்கில் உப்பு மூட்டைகளை வாய்க்கட்டு தெற்கே பார்க்கும்படிதான் அடுக்க வேண்டும். அது அந்தக் காலத்து உத்தரவு. மூட்டைக்காரர்கள் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்து இடுப்பு ஒடிந்து போவார்கள். ஏன் தெற்கு என்று கொஸ்டின் பேப்பர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நாயுடு சாஸ்திரம் என்றார், மேஸ்திரி கடல்காற்று என்றார். இவர் விடாமல் ஒரு மாதம் விசாரித்து, முட்டுக்காட்டில் இருந்த ஒரு பழைய மேஸ்திரியைப் படகில் போய்ப் பிடித்து உண்மையைக் கொண்டுவந்தார். பழைய கிடங்கில் வடக்குச் சுவரோரம் மழைத் தண்ணீர் ஒழுகுமாம். அந்தக் கிடங்கை இடித்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. மூட்டைக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொள்ளாத குறை. நாயுடுவோ ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்தக் கோபம் ஆறுவதற்காக நாயுடு ஒருநாள் பெருந்தன்மையோடு, "டீ சாப்பிடுறியாப்பா?" என்று அவரிடம் கேட்டார். நாயுடு செய்த பெரிய பிசகு அதுதான். நான் சாப்பிட வேண்டுமென்று கேட்கிறீர்களா, நீங்கள் தனியாகச் சாப்பிடக் கூச்சப்பட்டுக் கேட்கிறீர்களா என்று ஆரம்பித்தது. ஆபீஸ் மூடும்வரை நடந்தது. டீ மேல் ஆடை படிந்து, ஆடைமேல் ஈ உட்கார்ந்து, ஈயும் சலித்துப் போய்ப் பறந்துவிட்டது.

மறுநாள் நாயுடு எங்களை எல்லாம் கிடங்குக்குப் பின்னால் கூட்டி ஒரு சத்தியம் வாங்கினார். இனிமேல் கொஸ்டின் பேப்பரிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. சொல்ல வேண்டியதைச் சொல்லலாம், கேட்கக் கூடாது. மீறினால் ஒரு வாரம் உச்சி வெயிலில் பாத்தி பாத்தியாகப் போய்த் தண்ணீர் மட்டம் குறித்து வர வேண்டும். உப்பளத்து வெயில் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். எல்லோரும் உப்பின்மேல் சத்தியம் செய்தோம். அதன்பின் ஆறு மாதம் ஒருவரும் அவரிடம் சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. "சௌக்கியமா இருப்பீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அவர் இதைக் கவனித்தாரா என்று அப்போது தெரியவில்லை. கொஞ்சம் வாடித்தான் போயிருந்தார். அதற்கு வேறு காரணமும் இருந்தது. அவருடைய அம்மா, அண்ணன், தங்கை, தெருவில் பாதிப்பேர், எல்லோரும் முந்தின வருஷமே பம்பாயில் கப்பலேறி இஸ்ரேல் போய்விட்டார்கள். இவருடைய காகிதங்கள் மட்டும் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தன. கோவளம் ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, தபாலுக்குக் காத்திருந்தார்.

பங்குனி மாதம் அவர் நடவடிக்கை விபரீதமாகப் போயிற்று. வீட்டிலிருந்த பன், பிஸ்கட்டையெல்லாம் என்னிடம் கொடுத்துவிட்டார். அரிசியை ஒவ்வொரு மணியாக மூன்று தடவை பொறுக்கினார். கையில் மெழுகுவர்த்தியும் கோழி இறகுமாக மூலை மூலையாகக் குனிந்து எதையோ தேடினார் என்று காதர் பாய் வந்து சொன்னார். ஆபீஸே வெடித்துவிடும் போல இருந்தது. ஆனால் சத்தியம் இருக்கிறதே. நாயுடு கூட அவர் மேஜைப் பக்கம் நாலு தடவை போய், நாலு தடவையும் தொண்டையைக் கனைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பௌர்ணமியன்று அவர் என்னையும் காதர் பாயையும் சாப்பிடக் கூப்பிட்டார். முழுக்கச் சைவம் என்று எனக்காகச் சேர்த்துச் சொன்னார்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அது அன்று தெரியாது. அந்த விருந்து, அவர்கள் முன்னோர் எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுதலையான கதையைச் சொல்கிற விருந்து. அதற்கு முன்னால் வீட்டில் புளித்த மாவுப் பண்டம் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது என்பதால்தான் அந்த இறகும் மெழுகுவர்த்தியும். ஆனால் கதையைத் தானாகச் சொல்லக் கூடாது. பந்தியில் வயதில் சின்னவன் 'இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கத்தான் நாலு கேள்விகளே வைத்திருக்கிறார்கள். கேட்டால்தான் கதை, கதைக்கு அப்புறம்தான் சோறு. ஆளே இல்லாதவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம் என்றும் விதி இருக்கிறது. முந்தின வருஷம் அவர் அப்படித்தான் செய்திருந்தார். தனக்குத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்வது போல இருந்தது என்று பிற்பாடு சொன்னார். இந்த வருஷம் யாராவது ஒருவர் கேட்டால் போதும் என்று ஏங்கிக்கொண்டிருந்த மனிதர், கேட்க மாட்டோம் என்று உப்பின்மேல் சத்தியம் செய்த இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொல்லிக் கேட்பது கேள்வியே இல்லை என்பது அவர் கட்சி. ஆச்சரியப்பட்டுக் கேட்க வேண்டும். ஆச்சரியப்படுத்துவதற்காகத்தான் அந்தச் சடங்கில் வேடிக்கை வேடிக்கையாக வைத்திருக்கிறார்கள்.

போகும் வழியில் காதர் பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என்னை எச்சரித்தார். "தம்பி, நாயுடு சொன்னது நெனப்புல கீதுல்ல? வாயத் தொறக்காம துன்னுட்டு வந்துகினே இருக்கணும். அந்த வெயில்ல என்னால ஆவாது."

நாங்கள் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் அவர் பாயில் உட்கார்ந்து, தலையணையில் இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டார். எங்களுக்கும் ஆளுக்கொரு தலையணை. எதற்குச் சாய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெரிய மனிதர் வீட்டில் சாயச் சொன்னால் சாய வேண்டியதுதான். கிண்ணங்களில் சிவப்பாக எதையோ ஊற்றினார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். காதர் பாயின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மோந்து பார்த்தார். உலர்ந்த திராட்சையைக் கொதிக்க வைத்த சாறு என்று தெரிந்ததும் ஒரே மடக்கில் குடித்தார். யாருக்கும் சொந்தமில்லாத நாலாவது கிண்ணம் ஒன்று நிரம்பி நின்றது. யாரோ செத்துப்போனவருக்குப் படையல் என்று நினைத்துக்கொண்டேன். யாரோ அவுலியாவுக்கு, அவர்கள் பக்கத்து மகானுக்கு, என்று காதர் பாய் நினைத்தாராம்.

கொத்தமல்லித் தழையை உப்புத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். தீர்த்தம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கித் தின்றேன். தட்டில் வேப்பங்கொழுந்தும் பேரீச்சம்பழ விழுதும் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் வருஷப் பிறப்புக்கு வேப்பம்பூவும் வெல்லமும்தான். எனக்கு என்ன புதுசு? மெல்லிசான ரொட்டி ஒன்றை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைத் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காலை நாஸ்தாவுக்கு எடுத்து வைக்கிறார் என்று காதர் பாய் பார்வையை நாகரிகமாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடைசியாக அவர் ஒரு புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தார். எழுத்து வலமிருந்து இடமாக ஓடியது. இதற்காவது கேட்பார்கள் என்று நம்பினார் போலும். காதர் பாய் சின்ன வயதிலிருந்து வலமிருந்து இடமாகத்தான் ஓதிக்கொண்டிருக்கிறார். நன்றாக இருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டினார்.

உலகத்திலேயே எந்தச் சடங்கைப் பார்த்தாலும் ஆச்சரியமே வராத இரண்டு பேரைப் பொறுக்கி எடுத்துக் கூப்பிட்டிருந்தார், பாவம். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. இருமினார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தெருவில் பௌர்ணமி நிலா அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேரும் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி சத்தமில்லாமல் இருந்தோம். ஒரு கட்டத்தில் அவர் கண்ணை மூடி, தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். எழுந்தார். ரொட்டி, தழை, விழுது, கிண்ணம், எல்லாவற்றையும் தட்டோடு வாரி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

இலை போட்டுப் பரிமாறாமல் இலையை எடுப்பதை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. காதர் பாயும் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். காலையில் சாப்பிட்டது. சமையலறையிலிருந்து தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. அப்பாவின் கை, நாயுடுவின் வெயில், இரண்டும் கண்ணுக்கு முன்னால் நின்றன. ஆனால் வயிறு ஒரு சத்தம் போட்டது, அதற்கப்புறம் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"சார், நாங்க இன்னும் சாப்பிடவே இல்லியே. தட்டை எதுக்கு சார் எடுத்துகினு போனீங்க?"

அவர் அசையவில்லை. தப்புச் செய்துவிட்டேன் என்று எழுந்திருக்கப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிவது தெரிந்தது. "இன்னொரு வாட்டி கேளுங்க" என்றார்.

இன்னொரு தடவை கேட்டேன். அதற்குள் காதர் பாய்க்கும் அணை உடைந்துவிட்டது. ரொட்டியை இன்னாத்துக்கு ஒளித்தாய், அந்தக் கிண்ணம் யாருக்கு, எதற்கு ஒருபக்கமாய்ச் சாய்ந்துகினு கீறோம், நேற்று ராத்திரி கோழி இறகை வைத்துக்கொண்டு இன்னா தேடினாய் என்று ஆறு மாதத்துக் கேள்விகளை மூச்சுவிடாமல் கொட்டினார். கொஸ்டின் பேப்பர் அழுதுகொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே போய்த் தட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் கேட்காவிட்டால் சாப்பிடும் முன்னால் தட்டைத் தூக்கிவிடு என்பது அவர்கள் பெரியவர்கள் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்த தந்திரமாம். எங்களைப் போன்ற ஆட்கள் அப்போதும் இருந்திருப்பார்கள்.

பிறகு கதையை ஆரம்பித்தார். நாங்கள் அடிமைகளாக இருந்தோம் என்று தொடங்குகிற கதை. அடிமைகளாக இருந்ததை விருந்து வைத்துச் சொல்வானேன், கேள்வியில் ஆரம்பிப்பானேன் என்று கேட்டேன். எனக்குத்தான் பயம் விட்டுப் போயிற்றே.

"அடிமை என்னிக்காவது ஏன்னு கேட்டுருக்கானா?" என்றார். "விடுதலை ஆச்சுங்கிறதுக்கு வேற என்ன அத்தாட்சி இருக்கு?"

அதை நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காதர் பாய் அப்படியெல்லாம் விடவில்லை. மூசா நபி கதை அவருக்கு மனப்பாடம். நதியிலிருந்து குழந்தை மூசாவை எடுத்தது எகிப்து ராஜா பிர்அவுனின் மகள் என்று இவர் சொல்ல, மகள் இல்லை, மனைவி என்று அவர் பிடித்துக்கொண்டார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார் இவர். உனக்கு எப்படித் தெரியும் என்றார் அவர். இரண்டு பேரும் முழங்காலில் தட்டித் தட்டிப் பேசினார்கள். கதையில் கடல் பிளப்பதற்கே ஒரு மணி நேரமாயிற்று. சோறு ஆறிப் போயிற்று. மூன்று வருஷத்தில் கொஸ்டின் பேப்பர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும், அடுத்த வருஷம் ஜெருசலேமில் என்று சொல்லித்தான் விருந்தை முடிக்க வேண்டும் என்றார். கொச்சியில் தலைமுறை தலைமுறையாக அப்படிச் சொன்னார்களாம், சொல்லிவிட்டு மறுநாள் அவரவர் மிளகு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுவார்களாம். இந்தத் தலைமுறைதான் சொன்னபடியே கிளம்பிவிட்டது. சொல்லும்போது அவர் குரல் மாறியிருந்தது.

"உங்க காயிதம் வந்துருச்சா, சார்?" என்று கேட்டேன்.

"வந்துருச்சு. அடுத்த மாசம் போறேன்."

காதர் பாய் கையில் ஒட்டியிருந்த பேரீச்சை விழுதை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாயுடுவிடம் நானே போய்ச் சத்தியத்தை மீறிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். எத்தனை கேள்வி என்றார். முப்பதாவது இருக்கும் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு வாரம் தண்டனை கொடுத்தார். உச்சி வெயிலில் பாத்தி வரப்பில் நான் நடந்தால், பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு கொஸ்டின் பேப்பரும் வந்தார். தண்ணீர் மட்டத்தைக் குறிக்கவே விடவில்லை. உப்பு எப்போது உப்பாகிறது, தண்ணீர் வற்றும்போதா, நாம் வாரும்போதா என்று கேட்டார். நான் ஒன்று சொல்ல, மறுத்தார். நானும் மறுத்தேன். ஏழு நாளும் எழுதிக் கொடுத்த மட்டம் எல்லாம் தப்பு. நாயுடு திட்டிய திட்டு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அந்த வாரத்தைப் போல ஒரு வாரம் எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை.

சித்திரையில் அவர் செங்கல்பட்டில் ரயிலேறிப் போய்விட்டார். அவர் நாற்காலிக்கு ஒரு புது மனிதர் வந்தார். தங்கமான குணம். நாயுடு எதைச் சொன்னாலும், முதலாளி எதைச் சொன்னாலும், நான் எதைச் சொன்னாலும், "சரிங்க சார்" என்பார். கடைசிவரை எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.